கப் நம்ம கைக்கு வந்துடுச்சு, இப்ப கோர்ட்டை சரி பண்ணணும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் டீம் இந்த சீசன் கப் அடிச்ச விஷயம் இந்நேரம் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பசங்க கப்பைத் தூக்கிட்டு நிக்கிற போட்டோவையும் பாத்திருப்பீங்க. அந்த சந்தோஷம் இன்னும் எங்களுக்கு அடங்கல, ஆனா இப்ப எழுதறது கோர்ட்டுக்காக. பழைய ப்ளேயர்ஸ், இப்ப ஆடுற பிள்ளைங்களோட அப்பா அம்மா, டீச்சர்ஸ் சில பேர்னு சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருக்கோம். அடுத்த சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள நம்ம கோர்ட்டை புதுசா போட்டு முடிச்சிடணும், அதுக்குத்தான் உங்ககிட்ட வர்றோம்.

ஃபைனல்ஸ் பாத்தவங்களுக்கு, கடைசியா பந்து நம்ம கையில இருந்த அந்த சில செகண்ட் மறந்திருக்காது. ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், போட்ட ஷாட் ரிம்ல, அதான் கூடை வளையத்துல, பட்டு வெளிய வந்துடுச்சு, ரீபவுண்ட் நம்ம பையன் கைக்கே வந்துச்சு, ஷாட் போட்டே ஆகணும்னு நேரம் ஓடுற ஷாட் கிளாக் 14 செகண்டுக்கு மாறுது, எதிர் டீம் பசங்க எல்லாம் யாராவது ஒருத்தன் பந்தைத் தட்டிக்கிட்டு உள்ள வருவான்னு குனிஞ்சு காத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம பசங்க ஒரு தடவை கூட பந்தைத் தரையில தட்டல. டாப்ல இருந்து விங், விங்ல இருந்து கார்னர், திரும்ப உள்ள, அங்கிருந்து பின்னாடி கட் அடிச்சு ஓடினவன் கைக்கு, நாலே பாஸ், கூடைக்குக் கிட்ட ஓடிப்போய் போடுற லே-அப். அந்த பாஸிங்கைப் பாத்துட்டு இவ்வளவு நல்லா எங்கப்பா கத்துக்கிட்டாங்கன்னு பல பேரு எங்ககிட்ட கேட்டாங்க.

நம்ம கோர்ட்டுலதான் கத்துக்கிட்டாங்க. ஃப்ரீ த்ரோ லைனுக்கு இடது பக்கமா ஆரம்பிச்சு சைட்லைன் வரைக்கும் ஓடுற அந்த விரிசல் உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், நீங்க ஆடின காலத்துல அது கோடு மாதிரி இருந்திருக்கும், இப்ப ரெண்டு விரல் உள்ள போகும். அதுல பட்டா பந்து எந்தப் பக்கம் தெறிக்கும்னே சொல்ல முடியாது. அதனால கோச் சீசன் ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, இடது பக்கம் போனா தட்டாதீங்க, பாஸ் போட்டுட்டு ஓடுங்கன்னு. அப்படியே அது டீமோட ஆட்டமா ஆயிடுச்சு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கெட்பாலை முதல் தடவையா பதக்கத்துக்கு வெச்சப்ப திறந்தவெளி டென்னிஸ் கோர்ட்டுலதான் ஆட்டம், ஃபைனல் அன்னைக்கு மழை பெஞ்சு தரை சேறாகி பந்து எழும்பவே இல்ல, அமெரிக்காவும் கனடாவும் வெறும் பாஸை வெச்சே ஆடி 19-8ல முடிஞ்சுதுன்னு கோச் பசங்களுக்கு அடிக்கடி சொல்வாரு.

அப்போ கோர்ட்டு அப்படியே இருந்தாதானே நல்லதுன்னு கமிட்டி மீட்டிங்லயே ஒருத்தர் கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பில்ல, ஆனா அந்த விரிசல்ல மாட்டி கணுக்கால் திரும்பி சீசன்ல பாதி பெஞ்ச்ல உக்காந்திருந்த பையனை நாங்க கிட்ட இருந்து பாத்தோம். ஒவ்வொரு மேட்சுக்கும் கட்டுப்போட்ட காலோட வந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தான். கேர்ள்ஸ் டீம்ல ஒரு பொண்ணுக்கு முட்டி லிகமென்ட் போயிருக்கு, அவ திரும்ப எப்ப ஆடுவான்னு இன்னும் டாக்டர் சொல்லல. பாஸ்கெட்பால்ல முட்டி லிகமென்ட் காயம் ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகமா வருது, அப்படி இருக்கும்போது குதிச்சு இறங்குற இடமாவது சமமா இருக்க வேண்டாமா.

போன வாரம் நாங்க டேப் எடுத்துக்கிட்டு போய் கோர்ட்டை முழுசா அளந்தோம். நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர், அது சரியா இருக்கு. ரிம் 3.05 மீட்டர் உயரத்துல இருக்கணும், ஒரு பக்கம் முன் விளிம்பு வளைஞ்சு தொங்குது. கூடையைத் தாங்குற போஸ்ட்தான் எங்களுக்குப் பெரிய பயம். எண்ட்லைனுக்கு வெளிய குறைஞ்சது 2 மீட்டர் தள்ளி இருக்கணும், சுத்தி பேடிங் இருக்கணும்னு ரூல், நம்ம போஸ்ட் கோட்டு மேலயே நிக்குது, வெறும் இரும்பு. வேகமா லே-அப் போட்டுட்டு வர்ற பையன் கையை நீட்டி அதைப் புடிச்சு சுத்தித்தான் நிக்கிறான்.

கோடுங்க கதை இன்னும் வேற. த்ரீ பாயிண்ட் லைனை 6.25 மீட்டர்ல இருந்து 6.75க்கு சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபா மாத்தினது 2010ல, கூடைக்கு முன்னாடி வரையுற கட்டமான கீயும் அப்பதான் சரிவா விரிஞ்ச வடிவத்துல இருந்து செவ்வகமா மாறுச்சு. நம்ம கோர்ட்டுல இன்னும் பழைய கோடுதான், பழைய கீதான். அரை மீட்டர் கிட்ட நின்னு ப்ராக்டிஸ் பண்ணிட்டு மேட்சுல போய் கோட்டை மிதிச்சு, மூணா வர வேண்டியது ரெண்டா போனது இந்த சீசன்லயும் நடந்துச்சு. கேப்டன் கடைசில சாக்பீஸ் வாங்கி தினமும் புதுக் கோட்டை அவனே வரைஞ்சான், ஒரு நுனியில கயிறைப் புடிச்சுக்க ஒருத்தன், இன்னொரு நுனியில சாக்பீஸோட இவன், மழை வந்தா மறுநாள் திரும்பவும் முதல்ல இருந்து. ஷாட் கிளாக்குக்கு மேனேஜர் பொண்ணு போனைக் கையில வெச்சுக்கிட்டு 24ல இருந்து கத்தும், சாயங்காலம் ஆனா குரலே இருக்காது.

பழைய கான்கிரீட்டை விரிசல் போன பகுதியில மட்டும் உடைச்சு எடுத்து புதுசா போட்டு, தண்ணி தேங்காம லேசா சரிவு குடுத்து, அது மேல மணல் கலந்த அக்ரிலிக் கோட்டிங் அடிக்கணும், அப்பதான் ஷூவுக்குப் பிடி கிடைக்கும். புதுக் கான்கிரீட் போட்டா கோட்டிங் அடிக்க ஏறக்குறைய 28 நாள் காத்திருக்கணும், அவசரப்பட்டா உரிஞ்சு வந்துடும். இந்தக் கணக்குப்படி லீவுலயே வேலையை ஆரம்பிச்சாதான் உண்டு, தள்ளிப்போனா பிள்ளைங்க திரும்பவும் இதே விரிசல்ல ஒரு வருஷம் ஆடணும். போஸ்ட்டை பின்னாடி தள்ளி பேடிங்கோட வைக்கணும், ரெண்டு ரிம்மும் மாத்தணும்.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் லைட். கேர்ள்ஸ் டீமுக்கு பாய்ஸ் முடிச்ச அப்புறம்தான் கோர்ட்டு கிடைக்குது, அதுக்குள்ள இருட்டிடும், ரிம்மு நிழலாத்தான் தெரியும். அதுங்க ஆட வேண்டியது சைஸ் 6 பந்து, பாதி நாள் பாய்ஸ் விட்டுட்டுப் போன சைஸ் 7ல, அதுவும் சிமெண்ட்ல தேஞ்சு புள்ளி எல்லாம் வழுவழுன்னு போன பந்துல ஆடுதுங்க. லைட்டும் அவங்களுக்குப் பந்தும் லிஸ்ட்ல கடைசியா இருந்துச்சு, நாங்க பேசி மேல கொண்டு வந்துட்டோம், பணம் முழுசா சேரலைன்னாலும் இந்த ரெண்டும் விட்டுப்போகாது.

உட்டன் ஃப்ளோர் இண்டோர் கோர்ட்டுக்குப் போலாமேன்னு சில சீனியர்ஸ் ஆசையா கேட்டாங்க, எங்களுக்கும் ஆசைதான், ஆனா கட்டுறதை விட அதைப் பராமரிக்கிறது பெரிய செலவு, இப்ப நம்மால ஆகாது. வேற சில பேரு ஜெயிச்ச பசங்களுக்கு பெருசா பாராட்டு விழா வெப்போம்னு பணத்தோடவே வந்தாங்க, பசங்க அந்தக் காசையும் கோர்ட்டுக்கே போடுங்கன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்ட அப்புறம்தான் இந்தக் கமிட்டியே உருவாச்சு.

எவ்வளவு குடுக்கணும்னு நாங்க சொல்லப் போறதில்ல, உங்களுக்கு முடிஞ்சதைக் குடுங்க. இப்ப படிக்கிற பிள்ளைங்ககிட்ட பணம் வாங்க மாட்டோம். பணம் குடுக்க முடியாத பழைய ப்ளேயர்ஸ் கோடு போடுற அன்னைக்கு வந்து நில்லுங்க, அளந்து டேப் ஒட்டி பெயிண்ட் அடிக்க கை நிறைய வேணும். பணம் கமிட்டி பேர்ல இருக்கிற அக்கவுண்ட்லதான் போகும், ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது, எஸ்டிமேட்டும் ஒவ்வொரு பில்லும் ஸ்போர்ட்ஸ் ரூம் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவோம். மீதி இருந்தா பந்து வாங்குவோம். கோர்ட்டுல யார் பேரும் எழுதப் போறதில்ல, பெருசா குடுக்கிறவங்க இதைத் தப்பா எடுத்துக்காதீங்க.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை காலையிலயும் ப்ராக்டிஸ் நேரத்துல கமிட்டி ஆளுங்க ரெண்டு பேர் ரசீது புக்கோட கோர்ட்டு ஓரத்துல இருப்போம். வந்தீங்கன்னா பசங்ககிட்ட ஒரு பந்து வாங்கி அந்த விரிசல் மேல ரெண்டு தடவை தட்டிப் பாருங்க, அதுக்கு அப்புறம் ரசீதைப் பத்தி பேசலாம்.