அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டவங்களுக்கும் லைப்ரரி கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

நம்ம அபார்ட்மென்ட் லைப்ரரி கமிட்டி மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் குரூப்ல யாரோ ஒரு பக்கத்தை போட்டோ புடிச்சுப் போட்டு, பச்சக் குழந்தைக்கு ஊசி போட்டு கொல்ற கதையெல்லாம் பிள்ளைங்க ஷெல்ஃப்ல எதுக்குன்னு கேட்டாங்க, கீழ வரிசையா தம்ஸ் அப், சாயங்காலத்துக்குள்ள புக்கைத் தூக்கியாச்சு. லோயிஸ் லோரி எழுதுன 'தி கிவர்'. அதை அங்க வச்சது நான்தான், அதனால நானே பேசிடுறேன்.

அந்தப் பக்கம் 19வது அத்தியாயம். முன்னாடி 18 அத்தியாயம் என்ன நடந்துச்சுன்னு தெரியாம அதை மட்டும் படிச்சா எனக்கும் வயித்தைப் புரட்டியிருக்கும், ஒத்துக்கிறேன்.

ஜோனாஸ்னு ஒரு பையன், இன்னும் பன்னெண்டு ஆகல. அவன் ஊர்ல சண்டை இல்ல, பசி இல்ல, யார் என்ன வேலை பாக்கணும்னு பெரியவங்க கூடி முடிவு பண்ணுவாங்க, பழசு யாருக்கும் ஞாபகம் இல்ல, எல்லாத்தையும் ஒரே ஒரு வயசானவர் சுமக்கிறாரு, அடுத்து அந்த சுமை இவன் தலையில. 'ரிலீஸ்'னு ஒரு வார்த்தை முதல் அத்தியாயத்துலயே வந்துடும், வழி மாறிப் பறந்துட்ட ட்ரெய்னிங் பைலட்டை ரிலீஸ் பண்ணப் போறதா ஸ்பீக்கர்ல சொல்வாங்க. அப்புறம் வயசானவங்களுக்கு விழா எடுத்து ரிலீஸ். சரியா வளராத குழந்தைக்கு ரிலீஸ். எங்கயோ வெளியூர் அனுப்புறாங்க போலன்னு நினைச்சுட்டே போவோம், ஆனா உள்ளுக்குள்ள ஏதோ உறுத்தும். 19ல அவன் ஒரு குழந்தையை ரிலீஸ் பண்ண வீடியோ பதிவைப் பாக்குறான், ஊசி போடுறது அவனோட அப்பாவே, அதுவும் கொஞ்சிக்கிட்டே. (படிக்காதவங்க மன்னிக்கணும், ஸ்பாய்லரை முதல்ல போட்டது நான் இல்ல.) ராத்திரி பதினொண்ணரைக்கு எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு, எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சேன்.

என் பொண்ணுக்கு பதிமூணு. அவளை உலுக்கினது வேற இடம். ஃப்ரெண்டு கூட சேர்ந்து ஆப்பிளைத் தூக்கிப் போட்டு புடிக்கும்போது ஜோனாஸுக்கு அது ஒரு நொடி மாறித் தெரியுது, என்ன மாறுச்சுன்னு அவனுக்கே சொல்லத் தெரியல. ரொம்ப அப்புறம்தான் தெரியும், அது சிவப்பு, அந்த ஊர்ல யாருக்கும் கலரே தெரியாதுன்னு. இவ டபக்குனு முதல் பக்கத்துக்குத் திருப்பி, தட்டுல சோறு ஆறுறது கூடத் தெரியாம விரலை ஓட்டி ஓட்டித் தேடினா. "கண்ணைக் கூட வெளிர்னுதான்மா எழுதியிருக்காங்க, நம்மளையும் சேத்து ஏமாத்திட்டாங்க". எனக்கு ஊசியை விட இதுதான் பயமா இருந்துச்சு, அத்தனை பக்கம் கலரே இல்லாத ஊர்ல இருந்திருக்கோம், ஒண்ணுமே தோணல.

புக் வந்தது 1993ல, அடுத்த வருஷமே நியூபெரி மெடல், அமெரிக்காவுல பிள்ளைங்க புக்குக்குக் குடுக்கிற பெரிய விருது. அமெரிக்க லைப்ரரி அசோசியேஷன் 90களுக்குப் போட்ட, தூக்கச் சொல்லி அதிகமா கம்ப்ளெயின்ட் வந்த புக் லிஸ்ட்லயும் இருக்கு, அதனால நீங்க தனியா இல்ல. எழுதினவங்களோட அப்பாவுக்கு வயசான காலத்துல மறதியாம், செத்துப்போன மூத்த பொண்ணு எங்கன்னு கேப்பாராம், ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்லணும். வலிக்கிற ஞாபகம் எல்லாம் போயிட்டா சுகம்தானோன்னு அப்ப தோணுனதுல இருந்துதான் இந்தக் கதைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

எங்க மாமியாரும் கடைசி ரெண்டு வருஷம் அப்படித்தான். மாமா எங்கன்னு கேப்பாங்க, கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லிடுவோம். பொண்ணு அப்பல்லாம் வாயே திறக்க மாட்டா. புக்கை முடிச்ச அன்னைக்குதான் கேட்டா, பாட்டிகிட்ட ஏம்மா பொய் சொன்னீங்கன்னு. எனக்கு பதில் வரல.

எட்டு வயசுப் பிள்ளைக்குக் குடுங்கன்னு சொல்லல, மேல் தட்டுல வைங்க, பன்னெண்டுக்கு மேலன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க, நானே எழுதித் தரேன். பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு பெரியவங்க கமிட்டி கூடி ஒண்ணை ஒளிச்சு வைக்கிறது... புக்கைப் படிச்சவங்களுக்கு சிரிப்பு வரும், அதோட விட்டுடுறேன்.

போட்டோ போட்டவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. புக் உங்க வீட்லதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல இருந்து ஒரு வாட்டி படிச்சுடுங்க. கடைசியில பனியில சறுக்கிக்கிட்டு போற ஜோனாஸ் பொழச்சுட்டான்னு என் பொண்ணு சொல்றா, செத்துட்டான்னு நான் சொல்றேன், மூணாவது ஓட்டு வேணும்.