வாசிப்பும் அடுப்பும்: பினாங்கிலிருந்து ஒரு கடிதம்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை சீராகப் போகிறது; சின்னவனும் பள்ளிக்குப் பழகிவிட்டான். வீட்டுச் செய்திகளைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்பதால், அப்பா ஆவலோடு கேட்டிருந்த எங்கள் வாசிப்பு வட்டத்தைப் பற்றி மட்டும் இதில் விரிவாக எழுதுகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு, பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டில் கூடுகிறோம். ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒருவர் உரக்க வாசிக்க, அந்தக் கதையின் காலத்துக்கோ ஊருக்கோ பொருந்தும் உணவொன்றை மற்றவர்கள் சேர்ந்து சமைத்து, சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம். "படிக்க வந்தவர்களிடம் வேலை வாங்கலாமா?" என்று அம்மா கேட்டீர்கள். வேலை இருப்பதால்தான் அம்மா, பலர் வாய் திறக்கிறார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இருவர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் முன்னால் ஒரு தட்டுச் சின்ன வெங்காயத்தை வைத்துவிட்டாலோ, கை ஓட ஓடப் பேச்சும் தானாக வந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும், கண்பார்வை மங்கியவர்களும் காதால் கேட்டே கதையை முழுவதும் உள்வாங்கிக்கொண்டு, நாங்கள் கவனிக்காமல் கடந்த இடங்களைப் பிடித்து நிறுத்துகிறார்கள். இந்த வட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்பா அனுப்பிய ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலைத்தான் அண்மையில் வாசித்து முடித்தோம். நம் சிங்கம்புணரியில் பிறந்தவர் எழுதிய, 1959-ல் வெளிவந்த இந்தக் கதை பினாங்கில் நடக்கிறது என்பதைச் சொன்னதும் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. வாசிப்புக்கு முன்பாகச் சிலர் சேர்ந்து, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பினாங்குத் தெருவையும், அருகில் குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவிலையும் பார்த்துவிட்டு வந்தோம்.

கதையில் நிழலாடுவது போர்க்காலம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வரும் அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த மலாயாவில், அது குறைந்ததும் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். ஆகவே அன்று மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் என்று முடிவு செய்தோம்.

எங்களோடு கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த, எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் கிழங்கை எடுத்து, கத்தி நுனியால் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே நுழைத்து, பழுப்பு நிற மேல்தோலையும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் தடித்த தோலையும் ஒரே சுருளாக உரித்தெடுத்தார். பிறகு நடுவில் ஓடும் நாரை உருவிவிட்டு, பாத்திரத்தை மூடாமல் கொதிக்கவிட்டுத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னார். கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பதை அந்தப் பஞ்ச காலத்தில் தோட்டத்து மக்கள் நன்றாக அறிந்திருந்தார்களாம். கிழங்கு வெந்துகொண்டிருந்தபோதுதான் அவர் தம் குடும்பக் கதையைச் சொன்னார். அவருடைய பெரியப்பாவை ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. பாட்டியின் அம்மா அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்தும், எந்த வீட்டிலாவது மரவள்ளி வேகும் வாசனை வந்தால் எழுந்து போய்விடுவாராம். யாரும் பதில் பேசவில்லை. பிறகு வாசிப்பைத் தொடர்ந்தபோது, போரைப் பற்றி வந்த ஒவ்வொரு வரியையும் எல்லோரும் வேறு கவனத்தோடு கேட்டதை நான் உணர்ந்தேன்.

நாவலைப் பற்றிய வாக்குவாதம் சாப்பாட்டு நேரத்தில் சூடுபிடித்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்கு, முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார் அல்லவா? மரகதம் ஏன் தன் மனத்தை இன்னும் உரக்கச் சொல்லவில்லை என்று மருத்துவமனைத் தாதி ஒருத்தி பொரிந்து தள்ளினாள். "அந்த வீட்டில் அவள் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார். இருவரையும் சேர்த்து வைத்திருக்கலாம் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேர்த்து வைத்திருந்தால், போர் அந்த இளைஞனை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதைப் பிள்ளை கண்டு அஞ்சியதற்குப் பொருளே இல்லாமல் போயிருக்கும். அப்பாவின் கருத்தை அவசியம் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு செய்தி. நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசி இங்கே சாதாரண மளிகைக் கடையில் கிடைக்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் புலூட் ஹீத்தாம் என்கிறார்கள். நீங்கள் செய்வதுபோலவே இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினேன். எங்கள் வட்டத்திலுள்ள தமிழ் முஸ்லிம் அக்கா, அதே அரிசியை மணம் தரும் பண்டான் இலையோடு கஞ்சியாகக் குழைய விட்டு, உப்புக் கலந்த தேங்காய்ப் பாலை மேலே ஊற்றிக் கொடுத்தார். அந்த உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும் விதம் அருமை. நம் வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

சமையலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டியிருக்கிறது. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கும் எதையும் வாசிப்பு நேரத்தில் நான் அனுமதிப்பதில்லை. சத்தத்தில் குரல் அமுங்கிவிடும், கண்ணும் அடுப்பை விட்டு அகலாது. மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும் பண்டமே எங்களுக்கு ஏற்றது. கோழி வாங்கினால் ஹலால் கடையில் வாங்குகிறோம், மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை, புரட்டாசியில் முழுக்கச் சைவம். இவற்றைப் பற்றி ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

எங்களுக்குள்ள ஒரே குறை, பிரதிகள் போதாமைதான். அடுத்ததாகத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலை எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம். மாமா தைப்பூசத்துக்கு இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வரும்போது அதில் நான்கு பிரதிகளைக் கொடுத்தனுப்ப முடியுமா, அப்பா? பெரிய எழுத்துப் பதிப்பு இருந்தால் பாட்டிக்கு ஒன்று தனியாக வேண்டும். அம்மா கந்தரப்பத்துக்கு அரிசி, உளுந்து, வெல்லம் ஆகியவற்றின் அளவைப் பத்துப் பேருக்குக் கணக்கிட்டு எழுதியனுப்புங்கள். அதை மட்டும் வாசிப்பு முடிந்த பிறகு சுட்டுக்கொள்கிறோம்.

தங்கள் அன்பு மகள்