குரோனோகிராஃப் முட்களைச் சோதிப்பது பற்றி ஒரு கடிதம்

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்து, மாசி வீதிகளில் இப்போதுதான் நிம்மதியாக நடக்க முடிகிறது. வீட்டில் எல்லோரும் சுகம்.

வால்ஜூ 7750 இயந்திரம் உள்ள உன் குரோனோகிராஃபை, அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்சை, போன் ஸ்டாப்வாட்சோடு 10 நிமிடம் ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சோதனை போதாது. நாளுக்கு 10 நொடி பிந்தும் வாட்ச் 10 நிமிடத்தில் 0.07 நொடிதான் பிந்தும். 7750-க்கு நொடிக்கு 8 துடிப்பு. ஒரு துடிப்பே 0.125 நொடி. பொத்தானை அமுக்குகிற விரலின் தாமதம் அதைவிடப் பெரிது. 12 மணி நேரம் ஓடவிடு. அதே பிசகு 5 நொடியாகத் தெரியும்.

அதற்கு முன், முழுச் சாவி கொடுத்து, ஐந்தாறு முறை ரீசெட் செய்து, முட்கள் பூஜ்யத்தில் நிற்கின்றனவா என்று ஐ கிளாஸில் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) பார். ஒரு முள் எப்போதும் ஒரே இடத்தில் தள்ளி நின்றால் அதைப் பொருத்தியதில் கோணல். கழற்றித் திரும்பப் பொருத்தினால் போதும். நிற்கிற இடம் மாறிக்கொண்டே இருந்தால் முள் தளர்ந்திருக்கிறதா என்று பார்.

12-க்குக் கீழே இருக்கிற 30 நிமிட முள்ளுக்குத்தான் பொறுமை வேண்டும். நடுவில் இருக்கிற குரோனோ நொடி முள் 58-ஐத் தாண்டும்போது அது அசையத் தொடங்கி, 60-க்கு அடுத்த கோட்டில் போய் உட்கார வேண்டும். இரண்டு கோடு தாவினால் தள்ளும் பல் ஆழமாகப் பிடிக்கிறது. அசையாமல் விட்டால் பிடி போதவில்லை. கோட்டுக்கு நடுவில் நின்றால் முள்ளைக் கோட்டில் பிடித்து நிறுத்தும் ஜம்பர் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படு. 30 தாவலையும் உட்கார்ந்து பார்; ஒரே ஒரு பல் கெட்டிருந்தால் சுற்றுக்கு ஒரு தரம்தான் காட்டிக்கொடுக்கும்.

6-க்கு மேலே இருக்கிற மணி முள்ளுக்கு ஓட்டம் நேராக மெயின்ஸ்பிரிங் பேரலில் (சாவிச் சுருள் இருக்கும் உருளை) இருந்து வருகிறது. குரோனோ நின்ற பிறகும் அது மெல்ல நகர்ந்தால் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை.

சப்டயல்களுக்கென்று, அதாவது டயலில் உள்ள சிறு வட்டங்களுக்கென்று, தனித் துல்லியம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரே பேலன்ஸ் வீல்தான், இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம். ஆகவே குரோனோ ஓடாமல் 12 மணி நேரம், ஓடவிட்டு 12 மணி நேரம் என இரண்டு சோதனை செய். இரண்டுக்கும் முழுச் சாவி, டயல் மேல்பார்த்த நிலை. 9-இல் ஓடும் சிறு நொடி முள்ளை போன் நேரத்தோடு ஒப்பிடு. இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் ரெகுலேஷன், அதாவது வேகத்தைச் சரிசெய்வது, போதும். குரோனோ ஓடும்போது மட்டும் பிந்தினால் சுமை கூடுகிறது: காய்ந்த எண்ணெய், அழுக்கு, இல்லையென்றால் இறுக்கமான உராய்வு ஸ்பிரிங். குரோனோ ஓடும்போது, வாட்சின் துடிப்பை அளக்கும் டைமிங் மெஷினில் பேலன்ஸ் வீலின் ஆட்ட வீச்சு 20, 30 டிகிரி குறைவது இயல்பு; அதற்கு மேல் போனால் சர்வீஸுக்குக் கொடுத்துவிடு. அந்த நிலையில் வேகத்தை மாற்றும் ரெகுலேட்டரைத் தொடவே தொடாதே; தொட்டால் குரோனோ நிற்கும்போது வாட்ச் முந்தும்.

இரண்டு கணக்கையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
சொக்கலிங்கம்