1850 குளிர்காலத்தில் எங்களுக்கு உணவு தந்தவர்களுக்கு

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரித் தென்கரையில் வாழும், ஓஜிப்வே என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் ஒன்றின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களுடைய வழிவந்தவர்கள் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் இருக்கிறார்கள். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே இது எல்லோருக்குமான மடல்.

என் பாட்டியின் பாட்டி அந்தக் குளிர்காலத்தில் சிறுமி. நாங்கள் விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் பணமும் பொருளும் தருவதாக 1837, 1842 ஒப்பந்தங்களில் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அவற்றை, சுப்பீரியர் ஏரியிலுள்ள மேடலைன் தீவின் லா பாயிண்டில் போய் வாங்கி வருவது எங்கள் மக்களின் வழக்கம். 1850இல் எங்களை எங்கள் மண்ணிலிருந்து வெளியேற்ற அரசு ஆணையிட்டது; பொருள் வழங்கும் இடத்தையும் மேற்கே மிசிசிப்பி ஆற்றுக்கு அருகிலுள்ள சாண்டி ஏரிக்கு மாற்றினார்கள். குளிர் தொடங்கும் நேரத்தில் எங்களை அங்கே வரவழைத்துவிட்டால், ஆறுகள் உறைந்தபின் திரும்ப வழியின்றி அங்கேயே தங்கிவிடுவோம் என்பது மினசோட்டா ஆட்சிப்பகுதி ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே, எங்கள் விவகாரங்களைக் கவனித்த அரசு முகவர் ஜான் வாட்ரஸ் ஆகியோரின் கணக்கு. நடந்ததை விபத்து என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது.

பல ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் வீட்டில் இருக்க, ஆண்களே புறப்பட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து பாட்டியின் பாட்டியுடைய அப்பாவும் பெரியப்பாவும் போனார்கள். அக்டோபர் இறுதியில் வழங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முகவரும் இல்லை, பணமும் இல்லை. சாண்டி ஏரியில் அந்த ஆண்டு வெள்ளத்தில் காட்டரிசி அழிந்திருந்தது. கையில் கிடைத்த மாவும் உப்பிட்ட இறைச்சியும் கெட்டுப்போனவை. வயிற்றுக்கடுப்பும் தட்டம்மையும் பரவின. டிசம்பர் தொடக்கத்தில் பொருளில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஆறுகள் உறைந்துவிட்டதால் பிர்ச் பட்டைத் தோணிகளை அங்கேயே விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் பனியில் நடந்தார்கள். அங்கே காத்திருந்தபோதும் திரும்பும் வழியிலுமாக ஏறக்குறைய 400 பேர் இறந்தார்கள். பெரியப்பா திரும்பவில்லை.

அப்பா திரும்பினார் என்றால் அது ஃபோன் டு லாக் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டார் கதவைத் திறந்ததால்தான். நெருப்பருகே படுக்க இடம் கொடுத்து, மீன் கஞ்சி கொடுத்து, நடக்கும் தெம்பு வரும்வரை வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்தும் ஆட்கள் சாண்டி ஏரிக்குப் போயிருந்தார்களாம். தங்கள் பிள்ளைகள் வந்துசேர்ந்தார்களா என்று தெரியாத நிலையில் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டுக்கு எங்கள் முதல் நன்றி.

ஊரிலும் பசிதான். குளிர்காலத்துக்கான உணவை எங்கள் மக்கள் சேர்ப்பதே இலையுதிர்காலத்தில். வெள்ளைமீன் பிடித்து உலர்த்துவதும் மான் வேட்டையும் அப்போதுதான். ஆண்கள் சாண்டி ஏரியில் காத்துக் கிடந்த நாட்களில் அந்த வேலைகள் நின்றுபோயின. இருந்த காட்டரிசியைப் பெண்கள் கைப்பிடியாக அளந்து சமைத்தார்கள். பெரியவர்கள் ஒருவேளை உணவை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பாட்டியின் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம், தன் அம்மா உண்ணாமலே உண்டதாகச் சொன்னதைத்தான் முதலில் சொல்வாராம்.

பக்கத்துக் குடிசையில் ஒரு கைம்பெண் இருந்தார். முயல் ஓடும் தடத்தைப் பனியிலேயே படித்துக் கண்ணி வைக்கத் தெரிந்தவர். பிடித்த முயலில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அது போதாது என்று, கண்ணி வைக்கும் முறையைச் சிறுமிக்கும் கற்றுக்கொடுத்தார். எங்கள் வீட்டில் இன்றும் பெண்கள்தான் கண்ணி வைக்கிறோம். முயல் கிடைக்காதபோது, பாறையில் இலைபோல ஒட்டிக் கிடக்கும் பாசியைச் சுரண்டி, நெடுநேரம் வேகவைத்துக் கஞ்சியாக்கக் காட்டித்தந்த மூதாட்டிக்கும் நன்றி. சுவையில்லாத கஞ்சி, ஆனால் உயிர் பிடித்து நிறுத்தும். உறைந்த ஏரியில் துளையிட்டு, போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஈட்டியுடன் குப்புறப் படுத்திருந்து மீன் பிடித்த கிழவருக்கும் நன்றி. தமக்குக் கிடைத்த ஒரே மீனையும் அவர் வெட்டிப் பங்கிட்டார். மார்ச் மாதம் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கியதும், தங்கள் கொப்பரையருகே எங்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்தையும் மறக்கவில்லை. குழந்தைகள் மீண்டும் ஓடி விளையாடியது அந்தச் சர்க்கரை முகாமில்தான்.

எங்கள் ஓஜிப்வே தலைவர் கெச்செவாய்ஷ்கேவுக்கு எப்படி நன்றி சொல்வது? 1852 வசந்தத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், லா பாயிண்டிலிருந்து தோணியில் புறப்பட்டு வாஷிங்டன் வரை போய்க் குடியரசுத் தலைவர் ஃபில்மோரைச் சந்தித்தார். மொழிபெயர்க்க பெஞ்சமின் ஆம்ஸ்ட்ராங் உடன் போனார். வழியில் ஏரிக்கரை ஊர்களின் வெள்ளையர்களும், ஓஜிப்வே மக்களை வெளியேற்றக்கூடாது என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துக்காரர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம். வெளியேற்றும் ஆணை நின்றது. 1854 ஒப்பந்தம் எங்கள் மக்களுக்கு எங்கள் மண்ணிலேயே நிரந்தர இடங்களை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு தலைவர் காலமானார். அவர் படுத்திருக்கும் லா பாயிண்டுக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகிறோம்.

மினசோட்டாவின் ஓஜிப்வே கிளையினரான மில் லாக்ஸ் மக்களின் வழக்கை நடத்திய வழக்கறிஞர்களுக்கும், ஆவணம் ஆவணமாகத் தேடிய வரலாற்றாய்வாளர்களுக்கும் நன்றி. 1850ஆம் ஆண்டு வெளியேற்ற ஆணை 1837 ஒப்பந்தத்தின் வேட்டை, மீன்பிடி உரிமைகளை முடிவுக்குக் கொண்டுவரவில்லை என்று 1999இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில்! அன்று எங்கள் வீட்டில் அடுப்பில் காட்டரிசி வெந்துகொண்டிருந்தது; யாருக்கும் உண்ணத் தோன்றவில்லை, அழுதுகொண்டிருந்தோம்.

சாண்டி ஏரிக்கரையில் 2000இல் நினைவிடம் எழுப்பியவர்களுக்கும், ஆண்டுதோறும் ஜூலையில் தோணிகளில் அந்த ஏரியைக் கடந்து அங்கே காணிக்கையாகப் புகையிலை வைக்கிறவர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் விருந்து சமைக்கிறவர்களுக்கும் மீக்வெச், எங்கள் மொழியில் நன்றி. வரும் ஜூலையிலும் வருகிறோம். காட்டரிசியும் மேப்பிள் சர்க்கரையும் எங்கள் வீட்டுப் பங்கு. ஃபோன் டு லாக் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எங்களோடு வந்து அமருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளில் அந்த டிசம்பரில் ஓர் அந்நியர் நெருப்பருகே படுத்திருந்தாரா என்று கேட்க வேண்டும்.