கை மாறும் கார்கள், மாறாத பெயர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்.

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை, மாநகரக் காவல் ஆணையர், கோவை.

பொருள்: பழைய கார் விற்பனையில் பெயர் மாற்றத்தை உறுதி செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

நான் கோவையில் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலையில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு வெடித்தது ஒரு மாருதி 800. அந்தக் கார் ஒன்பது பேர் கை மாறியிருந்தது என்று அப்போது காவல்துறையே சொன்னது. அத்தனை பேரையும் சீக்கிரமே தேடிப் பிடித்துவிட்டார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் கடைசியாக வாங்கியவர் யார் என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருந்திருந்தால் இந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

இது எப்படி நடக்கிறது என்பது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குபவர் பெயர் காலியாகவே இருக்கும். அந்தக் காகிதம் புரோக்கரிடமிருந்து புரோக்கருக்குப் போகும், வண்டியும் கூடவே போகும். ஒவ்வொரு கைக்கும் பெயர் மாற்றினால் செலவு, அலைச்சல், அப்புறம் மறுவிற்பனையில் 'ஓனர்' எண்ணிக்கை கூடி விலையும் இறங்கும். ஒளிப்பானேன், நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தேன். 2021இல் அப்படி விற்ற ஒரு ஆல்டோ ஏதோ திருட்டு வழக்கில் சிக்கியது. ஒரு நாள் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் புத்தி வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவு சொல்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு செய்து அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததும் 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் வாங்கியவனுக்குச் செலவு கூடுகிறது. வாங்காமல் டீக்கடை பெஞ்சில் வியாபாரம் பேசுபவரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே அங்கீகாரம் இல்லாமல் வண்டி விற்பவர்கள் மீது வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் நடவடிக்கை எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். பல வருடமாகத் தேங்கிக் கிடக்கும் பெயர் மாற்றங்களை முடிக்க, தாமதக் கட்டணத்தில் ஒருமுறை சலுகை தந்து சனிக்கிழமைகளில் முகாம் நடத்த அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். கட்டணத்துக்குப் பயந்தே பலர் வராமல் இருக்கிறார்கள். விற்றவர் தகவல் கொடுத்த நாள் காவல்துறையினர் பார்க்கும் வாகன விவரத்திலும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. 58 பேரைப் பலிகொண்ட 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பை நேரில் பார்த்த ஊர் இது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குறிப்பிட்ட சில தெருக்களில், குறிப்பிட்ட சிலரின் கடைகளில் மட்டும் சோதனை என்று இல்லாமல், ஊரில் உள்ள அத்தனை பழைய கார் கடைகளிலும் ஒரே மாதிரி காகிதத்தைக் கேட்கட்டும். என் கடையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய கார் வியாபாரி, கோயம்புத்தூர்
(பெயர், முகவரி, அங்கீகாரச் சான்றின் நகல் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)