மருந்துக்கடை அண்ணாச்சிமாருக்கு: கோழிக்குப் பூச்சி மருந்து கொடுக்கையில் தேதியும் எழுதிக் கொடுங்கள்

நெல்லை, பாளையங்கோட்டை, முக்கூடல், களக்காடு, வள்ளியூர் வட்டாரங்களில் கால்நடை மருந்து விற்கும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கிவிடச் சொல்வது வழக்கம். அதனால் தை பிறந்ததுமே "கோழிக்குப் பூச்சி மருந்து இருக்கா?" என்று கேட்டு உங்கள் கடைக்கு ஆள் வரும். வருகிறவர் பெரும்பாலும் எட்டு, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுப் பெண். அவருக்கு எதற்கு ஒரு லிட்டர் பாட்டில்? சின்ன டப்பாவில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிடுகிறீர்கள். மருந்து வீட்டுக்குப் போகிறது, லேபிள் உங்கள் அலமாரியிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் மனு முழுக்க அந்த லேபிளைப் பற்றித்தான்.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 97ஆம் விதியை 2012இல் திருத்தினார்கள். மனிதர் உண்ணும் பிராணிகளுக்கான மருந்து என்றால், கடைசி வேளை கொடுத்து எத்தனை நாள் கழித்து அதன் பாலையும் முட்டையையும் கறியையும் எடுக்கலாம் என்று லேபிளில் போட வேண்டும். அந்த மருந்துக்கென்று சோதித்து அறிந்த கணக்கு இல்லாவிட்டால், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளுக்குக் குறையக்கூடாது, கறிக்கு 28 நாளுக்குக் குறையக்கூடாது. அந்த வரி பொடி எழுத்தில், பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். நீங்கள் வாசித்துச் சொன்னால்தான் உண்டு.

"குடற்புழு மருந்தான அல்பெண்டசோலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறார்கள், முட்டையில் வரும் துளியால் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாமல் ஒரு முட்டை தின்றவர் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த மாத்திரையை ஒரு வயது நிறையாத பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கொடுப்பதில்லை. நாட்டுக்கோழி முட்டையை நம் பக்கம் தேடி வாங்குவது யாருக்கு? மாசமான பெண்ணுக்கு, சோறு ஊட்டத் தொடங்கிய பிள்ளைக்கு, பெரிய மனுஷியான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சையாக, அதுவும் நாள் தவறாமல். அவித்தாலும் பொரித்தாலும் மருந்து முழுசாகப் போய்விடாது.

ஏழு நாள் என்பதும் அடிமட்டக் கணக்குதான். வெள்ளைக்கருவும் ஓடும் ஒரே நாளில் உருவாகிவிடும். மஞ்சள்கரு அப்படியில்லை, ஏறக்குறைய பத்து நாள் சினைப்பையில் அடுக்கடுக்காகத் திரளும். இன்று கோழியின் ரத்தத்தில் ஓடும் மருந்து, அடுத்த வாரம் இடப்போகும் முட்டையின் மஞ்சளில் இன்றே ஏறுகிறது. ஆகவே கைப்பிள்ளையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டுக்கும், அளவு தெரியாமல் கொடுத்துவிட்டவருக்கும் 14 நாள் என்று சொல்லுங்கள்.

மருந்துக்கு மருந்து கணக்கு மாறும். பைப்பரசின் வளர்ந்த உருண்டைப் புழுவைத்தான் வெளியேற்றும். எச்சத்தில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாகக் கிடந்தால் அது நாடாப்புழு, பைப்பரசின் கேட்காது. அமெரிக்காவில் பைப்பரசின் லேபிளிலேயே முட்டைக்கோழிக்கு வேண்டாம் என்று இருக்கிறது. ஐரோப்பாவில் லெவாமிசோலும் அப்படித்தான். ஐவர்மெக்டின் கொழுப்பில் தங்கும் சரக்கு, மஞ்சள்கருவில் நெடுநாள் நிற்கும். மாட்டு ஊசி மருந்தைக் கோழி வாயில் விடக் கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஃபென்பெண்டசோலுக்கு அங்கெல்லாம் முட்டை விலக்கே (முட்டையைத் தின்னாமல் ஒதுக்கும் நாளே) இல்லை என்று படித்துவிட்டுச் சிலர் வருவார்கள். அது உண்மைதான், ஆனால் குடிதண்ணீரில் கலப்பதற்கென்றே செய்த மருந்தை, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 5 நாள் கொடுப்பதற்கான அனுமதி அது. ஆட்டு மாத்திரையை உடைத்துப் போடுகிறவருக்குப் பொருந்தாது.

அளவில்தான் மோசமாகத் தவறுகிறது. ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் அல்பெண்டசோல் 15 மில்லிகிராம் வரும். 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம், ஆக 0.6 மில்லி போதும். அதே 0.6 மில்லியை 10 சதவீத பாட்டிலிலிருந்து கொடுத்தால் நாலு மடங்கு. மனுஷர் சாப்பிடும் 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை ஒரே கோழிக்குப் போட்டால் பதின்மூன்று மடங்கு! தண்ணீர்ச் சிரட்டையில் கலப்பதும் வீண்தான். அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது, மாவாக அடியில் தங்கும், ஒரு கோழி தெளிவைக் குடிக்கும், இன்னொன்று வண்டலைக் குடிக்கும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். விடியற்காலையில் கூட்டைத் திறக்குமுன், அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியபின் அடுத்த சொட்டு. நாக்கின் நடுவில் ஒரேயடியாக ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

கோழி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள் கொடுத்தால், ஒரே கூடையில் இடும் முட்டையில் எது எவளுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுவேளை கொடுத்தால், விலக்கு நாளும் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். விலக்கு முட்டையை அவித்துக் குஞ்சுக்கே போடாமல் குழியில் புதைத்துவிட வேண்டும்.

முட்டை வீணாகிறதே என்று அங்கலாய்ப்பவருக்கு ஒரு வழி உண்டு. நாட்டுக்கோழி வருஷம் முழுக்க இடுவதில்லை. பத்துப் பதினைந்து இட்டு, 21 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சோடு வாரக்கணக்கில் திரியும். பொரித்து இறங்கிய தாய்க்கோழிக்கு அப்போது கொடுத்தால் ஒரு முட்டைகூட நட்டமில்லை. மருந்து வாங்க வருகிறவரிடம் "கோழி இடுதா, குஞ்சோட திரியுதா?" என்று கேட்க அரை நிமிஷம் ஆகுமா?

ஊற்றிக் கொடுக்கும் டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, தமிழில் இவ்வளவு எழுதினால் போதும்: மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், ஒரு கோழிக்கு எத்தனை மில்லி, எந்தத் தேதி வரை முட்டையும் கறியும் ஆகாது. "ஏழு நாள்" என்று வாயால் சொன்னால் வீடு போய்ச் சேருமுன் மறந்துபோகும். ஜனவரி 24இல் கொடுத்தால், "முட்டை ஜனவரி 31 வரை, கறி பிப்ரவரி 21 வரை வேண்டாம்" என்று தேதியாகவே எழுதுங்கள்.

கறித் தேதியை விட்டுவிடாதீர்கள். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அதே கூட்டில்தான் அடைகிறது. சித்திரையிலோ ஆடியிலோ கொடைக்குக் கால் நாட்டிய பிறகு வந்து மருந்து கேட்டால், சேவலுக்கு மட்டும் கொடை கழியட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வட்டாரத்தில் கோழி வளர்ப்போரும், அவர்களிடம் முட்டை வாங்குவோரும்