குலசை ராக்கெட் தளம்: காரணத்தையும் சொல்லுங்கள்

ஐயா,

போன வாரம் திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்திலிருந்த பள்ளிக்கூடப் பையன் கேட்டான்: "தாத்தா, ராக்கெட்டை எதுக்கு நம்ம குலசையில விடணும்?"

2024 பிப்ரவரியில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து டி.வி.யில் இது யார் கொண்டுவந்த திட்டம் என்ற சண்டையைத்தான் கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதிலைக் காணோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே கிளம்பும் ராக்கெட் இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அதிலேயே எரிபொருள் கரையும். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். அவன் நோட்டிலேயே பென்சிலால் வரைந்து காட்டினேன்; இறங்கும்வரை அந்தப் பக்கத்தை மூடவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பதுபோல, மக்கள் உட்கார்ந்து பார்க்கும் மாடம் இங்கேயும் வேண்டும். அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உடன்குடி